துவைக்கக் கூடாத புடவை

பூந்தொட்டி மண்ணைத் தண்ணீரில் குழைத்து, இரண்டு விரலால் தொட்டுத் தொட்டுப் புடவையின் கீழ்க்கரையில் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், நேற்று இதே கல்லில் இதே புடவையை அடித்துத் துவைத்தேன், இன்றைக்கு உட்கார்ந்து அழுக்காக்குகிறேன், பக்கத்து மாடியிலிருந்து யாராவது பார்த்தால் பிள்ளை பெற்ற பிறகு இந்தப் பெண்ணுக்கு என்னமோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள், நினைத்தால் நினைக்கட்டும், அத்தை எழுந்திருப்பதற்குள் முடிக்க வேண்டும், சினிமா கம்பெனி கார் வருவதற்குள் காய வேண்டும். சேறு இவ்வளவு உயரத்துக்குத்தான் இருந்ததா, இன்னும் கொஞ்சம் மேலே தெறித்திருந்ததா, நடக்கிறவர்களுக்குப் பின்பக்கம்தானே அதிகம் தெறிக்கும், அப்படியென்றால் கொசுவத்துக்குக் கீழே குறைவாகவும் பின்னால் அதிகமாகவும் இருக்க வேண்டும், ஆனால் ஆறு கெஜத்தையும் விரித்துப் போட்டால் எது முன், எது பின். நேற்று துவைக்கும்போது இதையெல்லாம் யார் பார்த்தது. அழுக்கு என்றால் அழுக்கு, போக வேண்டும், அவ்வளவுதான் தெரியும் எனக்கு. வெங்காயத்தோல் நிறத்தில் நூல் புடவை, அத்தையுடைய சொந்தப் புடவை, டைரக்டர் வீட்டுக்கு வந்தபோது அத்தை இதைத்தான் கட்டியிருந்தார், இதையே கட்டிக்கிட்டு நடிங்கம்மா என்று சொல்லிவிட்டார். அதனால்தான் இது காஸ்ட்யூமர் பெட்டிக்குப் போகாமல் வீட்டுக்கு வந்தது. முந்தாநாள் சாயங்காலம் அத்தை அசந்துபோய் வந்து, வேறு புடவைக்கு மாறி, இதைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு, சாப்பிட்டுப் படுத்தார். துவைக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சினிமாக்காரர் வீட்டில் இருக்கிறவளுக்குத் தெரியாதா என்று நினைத்திருப்பார். எனக்குத் தெரியாது. நேற்று அத்தை வேறு படத்துக்கு டப்பிங் பேசப் போயிருந்தார், பாப்பா தூளியில் தூங்கினாள், ஆணியில் அந்தப் புடவை தொங்கிக்கொண்டிருந்தது, டீக்கறை, சேறு, தோளில் ஒரு கரிய கிரீஸ் கை அச்சு. எனக்கு நெஞ்சு பொங்கிவிட்டது. இந்த வயதில் இந்த உடம்பு வெயிலிலும் சேற்றிலும் என்ன பாடு பட்டிருந்தால் புடவை இப்படி ஆகியிருக்கும் என்று. அத்தை தன் துணியை யாரிடமும் கொடுக்க மாட்டார், நான் கேட்டாலும், போடி, பிள்ளைத் துணியே மலையா இருக்கு, அதைப் பாரு என்பார். இன்றைக்கு ஆள் இல்லை, நாமே செய்துவிடலாம் என்று ஆசையாக எடுத்தேன். ஊறவைத்து, சோப்புப் போட்டு, கிரீஸுக்கு மண்ணெண்ணெய் தொட்டு, எலுமிச்சம்பழம் தேய்த்து, திரும்பவும் மண்ணெண்ணெய் தொட்டு, ஒரு பொட்டுக் கறை இல்லாமல், கஞ்சி போட்டு, இஸ்திரியும் போட்டு மடித்து வைத்தேன். மடித்து வைத்ததைத் தூரத்தில் நின்று வேறு பார்த்தேன். அத்தை நாளைக்குக் காலையில் பார்த்து என்ன சொல்வார் என்று நினைத்துச் சிரித்தும் கொண்டேன்.

இன்று விடிந்ததும் இவர் போன் பண்ணினார். ஐதராபாத்தில் அவுட்டோர், ஜெனரேட்டர் வண்டியில் வேலை, வண்டி ஓடுகிற சத்தத்தோடுதான் எப்போதும் பேசுவார். அம்மா எழுந்தாச்சா. இல்லை, இன்னிக்கு ஷூட்டிங் இருக்கு, எழுப்பணும், அந்தப் புடவையைக்கூட துவைச்சு இஸ்திரி போட்டு வச்சிட்டேன். பெருமையாகத்தான் சொன்னேன். எந்தப் புடவை. அதான், வெங்காயத்தோல் கலர். ஏய் சுகந்தி, அது கன்டினியூட்டி புடவைடி. அப்படின்னா. அப்படின்னா என்னத்தைச் சொல்றது, படத்துல அது மொத்தமும் ஒரே நாள், முந்தாநாள் பஸ் படியில கால் வச்சவங்க இன்னிக்கு ஏறி உட்காரணும், உட்கார்றப்ப புடவை வெளுத்து இஸ்திரி போட்டு இருந்தா தியேட்டர்ல சிரிப்பான், நீ துவைச்சது புடவையை இல்லடி, படத்தை. இப்ப என்னங்க பண்றது. அம்மா எழுந்திருக்கிறதுக்குள்ள பழையபடி அழுக்காக்கிடு, டீ, சேறெல்லாம் சமாளிச்சிடலாம், அந்தத் தோள் கைதான். தோள் கைக்கு என்னங்க. அதுதான்டி படமே. வைத்துவிட்டார். அது எனக்கும் தெரியும். கதையை அத்தை சொல்லியிருக்கிறார், சொல்லியிருக்கிறார் என்ன, வசனக் காகிதத்தை நான்தானே எழுத்துக் கூட்டிக் கூட்டி அவருக்குப் படித்தேன். ஒரு கிழவி விடியற்காலையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள், கோபித்துக்கொண்டு ஓடிப்போன மகன் எங்கேயோ பட்டறையில் வேலை செய்கிறான் என்று கேள்விப்பட்டு, பஸ் மாறி, வழி விசாரித்து, பொழுது சாய்கிற நேரத்துக்குக் கண்டுபிடிக்கிறாள். அவன் ஓடிவந்து கிரீஸ் கையோடு அவள் தோளைப் பிடித்து உலுக்குகிறான். ஏன் வந்தே என்கிறான். அவ்வளவுதான் பேசுகிறான். அவள் திரும்பிப் பஸ் ஏறுகிறாள், தோளில் அந்தக் கை அப்படியே இருக்கிறது, அதோடு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறாள், படம் முடிகிறது. அந்தப் பஸ்தான் இன்றைக்கு எடுக்க வேண்டியது. அந்தக் கையும் ஆணியில் தொங்கின கறையும் ஒன்று என்று நேற்று எனக்குத் தோன்றவே இல்லை, மகன் பிடித்த கையை நான் மண்ணெண்ணெய் போட்டு எடுத்துவிட்டேன்.

சேறு போதும். இனி டீ. ஆறின டீயை டம்ளரில் வைத்திருக்கிறேன், சர்க்கரை போட்டது, சர்க்கரை போடாமல் போட்டிருக்க வேண்டுமோ, கறை என்னவோ ஒன்றுதான். மடியில் இந்த இடத்தில், இல்லை, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். ஊற்றக் கூடாது, சிந்த வேண்டும். சிந்துவது எப்படி. வேண்டுமென்று சிந்தினால் அது சிந்தின மாதிரி இல்லை, ஊற்றின மாதிரிதான் விழுகிறது. எதையும் தெரியாமல் செய்கிறபோது எவ்வளவு சுலபமாக வருகிறது. பாப்பா புரண்டாளா, இல்லை, தூளிக் கயிறுதான். அத்தையின் அறையில் மின்விசிறிச் சத்தம் கேட்கிறது, இன்னும் தூங்குகிறார், தூங்கட்டும். இப்படி நிம்மதியாக விடிந்த பிறகும் தூங்குவதே இப்போதுதான். முன்பெல்லாம் இருட்டோடு எழுந்து, வடபழனியில் ஏஜென்ட் வண்டி நிற்கிற இடத்தில் போய் நிற்பார், கூட்டத்துக்கு ஆள் எடுப்பார்கள், நீ வா, நீ வா, நீ வேண்டாம் என்று. அத்தையின் செண்பகவல்லி என்ற பேரை யாரும் சொன்னதில்லை. அழுகையம்மா. சாவு சீன் இருக்கு, அழுகையம்மாவைக் கூப்பிடு என்பார்களாம். மாமா உயிரோடு இருந்தபோது ஷூட்டிங் யூனிட்டுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தார், ஆரணியிலிருந்து கல்யாணமாகி வந்த அத்தை கூடமாட உதவிக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார், சாவு வீட்டுக் கூட்டத்தில் ஒரு ஆள் குறைகிறது என்று அசிஸ்டென்ட் ஒருத்தர் வந்து கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனாராம். கத்தரிக்காய்க் கறைக் கையோட மாரில் அடிச்சிக்கிட்டேன்டி, ரவிக்கையெல்லாம் கறை, அன்னிக்கு அது பெரிசாத் தெரிஞ்சுது என்பார். அன்றிலிருந்து தலை நரைக்கிற வரைக்கும் அத்தை அழுதார். யார் யார் வீட்டுக்கோ அழுதார். சில நாள் பிணமாகவும் படுத்தார், மூச்சைப் பிடிக்கிறதில் அத்தைக்கு நிகர் ஆளில்லை. பிணமாக நடித்து முடித்ததும் அப்படியே விடமாட்டார்களாம், திருஷ்டிக்கு எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் ஒரு ஷாட் எடுப்பார்கள், படத்தில் வராது. என் சிரிப்பெல்லாம் அவங்ககிட்டதான் கிடக்கு, யாரும் போட்டுப் பாக்கலை என்று ஒரு தரம் சொன்னார். சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார், பெரிய துக்கமாகவெல்லாம் சொல்லவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் டிவியில் ஏதோ பழைய படம், அத்தை செத்துக் கிடக்கிறார், மாலை போட்டிருக்கிறார்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பக்கத்தில் அத்தை பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். என்னடி அழுற, உப்பு கம்மியா. இல்லை அத்தை, நீங்க. நானா, அது சோப்புக் கம்பெனி பக்கத்துல எடுத்தது, ஒரே கொசு, காதுக்குள்ள ஒண்ணு போயிடுச்சு, அசையாம கிடந்தேன் பாரு, அதுதான்டி நடிப்பு.

எவ்வளவோ செய்திருக்கிறார் எனக்கு. எனக்கென்று யாரிருந்தார்கள், பல்லாவரத்தில் துணிக் கம்பெனியில் பட்டன் வைத்துக்கொண்டிருந்தவள், ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினவள், நாலு பேர் இருந்தால் வாய் திறக்காதவள். இவர் என்னைக் கூட்டிக்கொண்டு இந்த மாடிப்படி ஏறினபோது இவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றேன். அத்தை அங்கே கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தொட்டு மேக்கப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார், பாதி முகம் கிழவியாகவும் பாதி முகம் அத்தையாகவும் இருந்தது. ஏம்மா, இவன் குறட்டை விடுவான், சொன்னானா. இல்லை என்று தலையாட்டினேன். அப்ப நான் சொல்றேன், சுவர் அதிரும், யோசிச்சிக்க, மாலை வாங்கினதுக்கப்புறம் சொன்னா எனக்குப் பாவம். அவ்வளவுதான், வேறு எதுவும் கேட்கவில்லை. எந்த ஊர், எந்த ஜனம், கழுத்தில் என்ன போடுவார்கள், ஒன்றும். பாப்பா பிறந்த அன்றைக்கு அத்தை எங்கேயோ அடிவாங்குகிற மாமியார் வேஷம், போன் வந்ததும் வேஷத்தைக் கலைக்காமல் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார், கண்ணுக்குக் கீழே நீலமாய் வீங்கி, உதடு கிழிந்து. நர்ஸம்மா இவரை மூலைக்குக் கூப்பிட்டு, பெத்த தாயை இப்படிப் போட்டு அடிச்சிருக்கியே, நீயெல்லாம் ஒரு அப்பனா என்று கேட்டுவிட்டார். இவர் முழிக்கிறார். அத்தை சும்மாவாவது இருந்தாரா, விடுங்கம்மா, குடிச்சாத்தான் அடிப்பான், நல்ல பிள்ளைதான் என்றார். வார்டே இவரை முறைத்தது. வலிக்கு நடுவில் நான் சிரித்தேன், சிரித்ததும் வலித்தது. அதற்கப்புறம் அந்த மாதங்கள். பாப்பாவைப் பார்த்தாலே அழுகை வந்தது, ஏன் என்று தெரியாது, பால் கட்டிக்கொண்டு ஜுரம் வேறு, இதே துவைக்கிற கல்லில் வந்து உட்கார்ந்து யாருக்கும் தெரியாமல் அழுவேன். ஒருநாள் அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. தானும் அழ ஆரம்பித்தார், நிஜமாகவே, கண்ணில் தாரையாக. நான் பயந்துபோய் நிறுத்திவிட்டேன். நீ ஏன் நிறுத்தற, அழு, தனியா அழுதா தொண்டை வலிக்கும், கூட ஆள் இருந்தா தெரியாது, நான் இதுலயே பிழைச்சவ என்றார். அன்றிலிருந்து நான் கல்லுக்கு வந்தால் அத்தையும் வந்துவிடுவார். என்றைக்கு அது நின்றது என்று எனக்கே தெரியவில்லை. ஒருநாள் கவனித்துப் பார்த்தால் கல்லில் பிள்ளைத் துணிதான் இருந்தது, நான் இல்லை. இதற்கெல்லாம் என்ன செய்வது, நன்றி என்று வாயால் எப்படிச் சொல்வது, அந்த வார்த்தை எனக்கு மேடையில் பேசுகிறவர்கள் வார்த்தை மாதிரி இருக்கிறது. அதனால்தான் புடவையை எடுத்தேன். எடுத்து இப்படிச் செய்து வைத்தேன்.

டீ காய்கிறது. இனி கை. கீழ் வீட்டுக்காரர் பைக் செயினில் சுரண்டிக் கொஞ்சம் கிரீஸ் கொண்டுவந்திருக்கிறேன், அவர் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தார், என்னம்மா என்றார், நான் ஒன்றும் இல்லை என்று தலையைக் குனிந்துகொண்டு படியேறி வந்துவிட்டேன். இடது தோள், அதில் சந்தேகமில்லை, முந்தானை அங்கேதான் கிடக்கும். ஆனால் அவன் முன்னாலிருந்து வந்து பிடித்தானா, பின்னாலிருந்தா. முன்னாலிருந்து என்றால் விரல்கள் முதுகுப்பக்கம் போய்விடும், பெருவிரல் மட்டும் முன்னால் தெரியும். பின்னாலிருந்து என்றால் நாலு விரலும் மார்ப்பக்கம் இறங்கியிருக்கும். பஸ் ஜன்னலில் உட்கார்ந்தால் தெரிவது எது. முந்தாநாள் அத்தை சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், இன்னிக்கு அந்தப் பையன் நல்லாப் பண்ணினான்டி, வந்து இப்படிப் பிடிச்சான் பாரு என்று எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக் காட்டினார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், திரும்பவில்லை, அப்படியென்றால் பின்னாலிருந்து. இல்லை, திரும்பினேனே, அத்தையின் முகத்தைப் பார்த்தேனே, கண்ணில் அந்தப் பையனுடைய கோபம் இருந்ததைப் பார்த்தேனே. பிடித்த பிறகு திரும்பினேனா, திரும்பின பிறகு பிடித்தாரா. தோளில் கையை வைத்துப் பார்க்கிறேன். தோளுக்கு ஞாபகம் இருக்கிறது, கை கனம் ஞாபகம் இருக்கிறது, சோற்றுக்கை ஈரம்கூட, ஆனால் விரல் எந்தப் பக்கம் என்று மட்டும் தோள் சொல்ல மாட்டேன் என்கிறது. முன்னால், பின்னால், முன்னால். பின்னாலிருந்துதான். பின்னாலிருந்து என்றே வைத்துக்கொள்வோம். கிரீஸை உள்ளங்கையில் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, வைத்துவிட்டேன். எடுத்தால், ஐயோ, எவ்வளவு சின்னக் கை. பாப்பா சுவரில் வைத்த கை மாதிரி இருக்கிறது. இதைக் கொண்டுபோய் அத்தை பஸ்ஸில் உட்கார்ந்தால், அந்த டைரக்டர், அவர் வயதில் சின்னவர், ஆனால் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அவர்தானே அத்தையைக் கண்டுபிடித்தது. ஏதோ சாவு சீனில் அவர் அப்போது அசிஸ்டென்டாக இருந்திருக்கிறார், அத்தனை பேரும் ஹீரோவைப் பார்த்து அழுதாங்க, நீங்க மட்டும்தான்மா பிணத்தைப் பார்த்து அழுதீங்க என்று சொன்னாராம், பேர் கேட்டாராம். அதை ஞாபகம் வைத்திருந்து தன் முதல் படத்தில் அத்தைக்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தே இருக்கிற அம்மா வேஷம் கொடுத்தார். அந்தப் படத்துக்கப்புறம்தான் மீன்காரம்மா மீனை நிறுக்காமலே பையில் போட்டது, பஸ்ஸில் பெண்கள் எழுந்து இடம் கொடுத்தது. அறுபதுக்கு மேல் அத்தைக்குப் பேர் வந்தது. இப்போது இந்தப் படத்தில் அத்தைதான் எல்லாம். அவரிடம் இந்தச் சின்னக் கையோடு போய் நின்றால்.

அதைவிட வேறொரு பயம் இருக்கிறது, அதை நினைக்காமல் இருக்கத்தான் இவ்வளவு நேரம் சேற்றையும் டீயையும் நினைத்துக்கொண்டிருந்தேனோ என்னவோ. ரமாமணி அம்மா. அத்தையைவிடக் கொஞ்சம் மூத்தவர், எத்தனையோ படத்தில் அம்மாவாக வந்தவர். ஒரு நாள் ஒரு ஷாட்டில் வசனம் மறந்துவிட்டது. யாருக்குத்தான் மறக்காது. ஆனால் வயதானவர்களுக்கு மறந்தால் அது வேறு பேச்சாகிவிடுகிறது. அவங்களுக்கு மறதி வந்துடுச்சுப்பா என்று ஒருத்தர் சொல்ல, இன்னொருத்தர் சொல்ல, போன் நின்றுபோயிற்று. அத்தை ஒரு தரம் பழமெல்லாம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார், வந்து என்னிடம், வரி வரியா அத்தனை வசனமும் சொல்றாடி, பழசு புதுசு எல்லாம், ஒண்ணு மறக்கலை, கேக்கிறதுக்குத்தான் ஆள் இல்லை என்றார். அன்றைக்கு அத்தை சாப்பிடவில்லை. அன்றிலிருந்துதான் வசனக் காகிதம் வந்தால் என்னை இரண்டு தரம் மூன்று தரம் படிக்கச் சொல்கிறார். வேகமாப் படிக்காத, நீ எழுத்துக் கூட்டிப் படி, அப்பதான் எனக்கு உள்ள இறங்குது என்பார். கூட்டிப் படிக்கிறது என்னுடைய குறை, அதையும் அத்தை ஒரு உதவியாக ஆக்கிக்கொண்டார். மின்விசிறிச் சத்தம் நின்றுவிட்டது. நின்றுவிட்டதா. செருப்புச் சத்தம். புடவையை எங்கே ஒளிப்பது, ஆறு கெஜம், கிரீஸ் கை, ஒளிக்க இடமில்லை. அத்தை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், தலை கலைந்து, கண் புடவையின் மேல். வந்து குனிந்து கரையைத் தூக்கிப் பார்க்கிறார். மடியை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோகிறார். டீயா. ஆமா அத்தை. சர்க்கரை போட்டதா. ஆமா. நல்லதாப் போச்சு, பஸ்ல எறும்பும் ஏறிக்கும், டிக்கெட் எடுக்காம. அத்தை முந்தானையை விரித்தார். கையைப் பார்த்தார். இது யார் கை. என் கை அத்தை. இந்தக் கையால பிடிச்சு உலுக்கியிருந்தா நான் எதுக்குடி அழப்போறேன், இடுப்புல தூக்கி வச்சிட்டுல்ல வந்திருப்பேன். சிரிக்கிறாரா என்று நிமிர்ந்து பார்த்தேன். சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. எல்லாத்தையும் எடுத்துட்டியா. ஆமா அத்தை, நேத்து, கட்டிக்கிட்டுப் போக நல்லா இருக்கட்டும்னு. அத்தை கல்லில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் புடவையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார், கஞ்சி போட்ட மொடமொடப்பை. யாரும் எனக்குத் துணி துவைச்சதில்லடி, எங்க அம்மாவுக்கு அப்புறம் என்று மெதுவாகச் சொன்னார், என்னிடம் சொன்ன மாதிரியே இல்லை.

அப்புறம் எழுந்தார், வேலைக்குப் போகிற அத்தையாகிவிட்டார். அழுக்காக்கினதை வச்சு ஏமாத்த முடியாது, போட்டோ எடுத்து வச்சிருப்பாங்க, மடிப்புக்கு மடிப்புப் பாப்பான், போனதும் சொல்லிட்டா அந்தப் பையனைக் கூப்பிட்டுத் திரும்பக் கை வைக்கச் சொல்வாங்க, இல்லை வேற ஏதோ பண்ணுவாங்க, சொல்லாம போய் நின்னாத்தான் தப்பு. சரி அத்தை. நான் சொல்லிக்கிறேன், நானே துவைச்சுட்டேன்னு, ஏதோ ஞாபகத்துல அலசிப் போட்டுட்டேன், மறந்துட்டேன் தம்பின்னு. சொல்லிக்கொண்டே தலையை முடிந்துகொண்டார், சாதாரணமாக, உப்பு மறந்துட்டேன் என்கிற மாதிரி. எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் கேட்டது. மறந்துட்டேன். அதை அத்தை அங்கே போய்ச் சொன்னால் டைரக்டர் ஒன்றும் சொல்ல மாட்டார், நல்லவர், ஆனால் பக்கத்தில் நிற்கிற அசிஸ்டென்ட் கேட்பார், காஸ்ட்யூமர் கேட்பார், சாயங்காலம் வேறு ஷூட்டிங்கில் இருக்கிற ஆளுக்குப் போன் பண்ணும்போது சிரித்துக்கொண்டே சொல்வார், செண்பகவல்லியம்மாவுக்கு மறதி வந்துடுச்சுப்பா. இது அத்தைக்குத் தெரியாதா. தெரியும். ரமாமணி அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்தவருக்குத் தெரியாதா. தெரிந்துதான் சொல்கிறார். நான் நாலு பேர் முன்னால் நிற்க மாட்டேன் என்று தெரிந்து சொல்கிறார். வேணாம் அத்தை. என்ன வேணாம். நீங்க சொல்ல வேணாம், நான் வரேன், நான் சொல்றேன். அத்தை முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நீயா, பால்காரன் மணியடிச்சாலே கதவுக்குப் பின்னாடி நின்னு சொம்பை மட்டும் நீட்டறவ, அங்க நூறு பேர் இருப்பான்டி, லைட்டு, மைக்கு. இருக்கட்டும் அத்தை. உனக்கு வாய் வராது. வரும். வராதுடி, எனக்குத் தெரியும் உன்னை, விடு, எனக்கு ஒண்ணும் ஆகிடாது. ஆகும் அத்தை. அந்த ஆகும் என் வாயிலிருந்துதான் வந்ததா, இவ்வளவு சத்தமாகவா வந்தது, தூளியில் பாப்பா சிணுங்கினாள். அத்தை பாதியில் விட்ட முடிச்சைப் போட்டார். உள்ளே திரும்பிப் போனார். போகிறபோது, முகம் கழுவிட்டு நல்ல புடவை கட்டு, பாப்பாவுக்கு மாத்துத்துணி எடுத்துக்க என்றார்.

கீழே கார் வந்து நின்ற சத்தம் கேட்டது, டிரைவர் ஒரு தரம் ஹாரன் அடித்தார். குழாயடியில் நின்று கையைத் தேய்க்கிறேன், கிரீஸ் போகமாட்டேன் என்கிறது, இருக்கட்டும், இருந்தால் நம்புவார்கள். பயம்தான், ஆனாலும் அதற்கடியில் நிம்மதியாக இருக்கிறது, இத்தனை நாள் நான் அத்தைக்குக் கொடுக்க எதுவுமில்லை என்று இருந்தது, இன்றைக்கு இந்த ஒரு வரி இருக்கிறது. ஒரு வரிதான். எழுத்துக் கூட்டியாவது சொல்லிவிடலாம். தலையைக் குனியக் கூடாது, குனிந்தால் குரல் மார்புக்குள் போய்விடும், அத்தை சொல்லியிருக்கிறார், யாரைப் பார்த்துப் பேசணுமோ அவங்க கண்ணைப் பாரு, மத்தவங்களைப் பாக்காத, இருக்காங்கன்னே நினைக்காத. டைரக்டர் கண்ணைப் பார்க்க வேண்டும். வணக்கம் சார் என்று ஆரம்பிப்பதா, சார் என்று மட்டுமா. சார், நான் இவங்க மருமக, என் பேரு சுகந்தி. பேர் எதற்கு, சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் யாரோ என்று நினைப்பார்கள். சார், அத்தை எதையும் மறக்கலை, மறக்கவும் மாட்டாங்க, சுகந்தி, கார் நிக்குது, வாடி, இதோ வரேன் அத்தை, சார், அந்தப் புடவையை நான்தான்